தொட்டுப் பார்க்க வேண்டிய கலை

லண்டனோ சாவ் பாவ்லோவோ டெல்லியோ, எந்த ஊரிலும் ஒரு சமகாலக் கலைக்கூடம் 'ஜப்பானிய வார இறுதி' என்று அறிவித்தால், நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சுவரில் நான்கைந்து கலைஞர்களின் புதிய படைப்புகள் இருக்கும். சனிக்கிழமை காலை இகெபானா மலர் அமைப்புச் செயல்விளக்கம். மதியம் உடைந்த பீங்கானைப் பொன்னால் ஒட்டும் கின்ட்சுகிப் பயிற்சி. அதற்குக் கட்டணம் தனி. மாலையில் கிமோனோ அணிந்த அம்மையார் ஒருவர் மாச்சா என்ற பச்சைத் தூள் தேநீரை அடித்துக் காட்டுவார். இருபது பேர் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுப்பார்கள். சுவரில் தொங்குவது கலை, தரையில் நடப்பது பண்பாடு. முன்னதைப் பற்றி விமர்சகர் எழுதுவார். பின்னது கூட்டம் சேர்ப்பதற்கு.

ஜப்பானைப் பொறுத்தவரை இந்தப் பாகப்பிரிவினை உள்ளூர்ச் சரக்கே அல்ல. அது எங்கிருந்து, எந்த ஆண்டில் வந்திறங்கியது என்பதற்குக்கூட ஆவணம் இருக்கிறது.

1873இல் வியன்னாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஜப்பானை நவீனமாக்க முனைந்த மெய்ஜி அரசு அதிகாரபூர்வமாகக் கலந்துகொண்ட முதல் உலகப் பொருட்காட்சி அது. எந்தப் பொருளை எந்தப் பிரிவில் வைக்க வேண்டும் என்ற விதிமுறைகள் ஜெர்மன் மொழியில் வந்துசேர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அவற்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. ஓவியத்துக்கு வார்த்தை இருந்தது, சிலைக்கு இருந்தது, செய்யுளுக்கு இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடைக்கு ஒரு பெயர் சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை. 'அழகு', 'வித்தை' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து 'பிஜுட்சு' என்று ஒரு சொல்லை ஆக்கினார்கள். மேற்கு நாடுகளில் இசை, ஓவியம், சிலை வடித்தல், கவிதை போன்றவற்றை இப்படி அழைக்கிறார்கள் என்று பக்கத்திலேயே ஒரு விளக்கக் குறிப்பும் எழுத வேண்டியிருந்தது. இன்று ஜப்பானில் கலைக் கல்லூரி, கலை அருங்காட்சியகம், கலை விமர்சனம் எல்லாவற்றின் பெயரிலும் உட்கார்ந்திருப்பது அந்தச் சொல்தான்.

நமக்கு இது புரியாத கதை அல்ல. 'நுண்கலை' என்பதும் அதே கூடைக்கு நாம் தேடிக்கொண்ட பெயர்தான். அதற்கு முன்பிருந்த ஆய கலைகள் அறுபத்து நான்கில் பூத்தொடுப்பதும் சமைப்பதும் மணியின் தரம் பார்ப்பதும் இசையோடு ஒரே பந்தியில் அமர்ந்திருந்தன. யாரும் யாரையும் எழுப்பிவிடவில்லை.

ஜப்பானில் எழுப்பிவிடுவது சீக்கிரமே தொடங்கியது. 1882இல் கொயாமா ஷோதாரோ என்ற எண்ணெய் வண்ண ஓவியர், கையெழுத்துக்கலை கலையே அல்ல என்று எழுதினார். எழுத்து என்பது மொழியின் குறி. படிக்கத்தான் அது இருக்கிறது. அதை ஓவியத்தோடு சேர்ப்பது தவறு என்பது அவர் வாதம். ஆயிரம் ஆண்டுகளாகத் தூரிகை எழுத்தை ஓவியத்துக்குக் குறைவில்லாமல் போற்றிவந்த ஒரு நாட்டில் இப்படி ஒரு வாதம் எழுந்ததே புதுமை. அவருக்கு மறுப்பு எழுதியவர் பத்தொன்பது வயது இளைஞர் ஒகாகுரா. பிற்காலத்தில் தென்ஷின் என்று புகழ்பெற்ற அதே ஒகாகுராதான். 1901இல் இந்தியா வந்து கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகியவர். 1906இல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு சிறு நூல் வெளியிட்டு, மேற்குலகுக்குத் தேநீர்ச் சடங்கை அறிமுகம் செய்தவர்.

விவாதத்தில் யார் வென்றார்கள் என்பதைவிட, எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்று பார்ப்பது பயன் தரும். 1907இல் அரசே ஆண்டுதோறும் நடத்தும் கலைக் கண்காட்சி தொடங்கியபோது அதில் மூன்று பிரிவுகள்தான்: ஜப்பானிய ஓவியம், மேற்கத்திய ஓவியம், சிற்பம். மட்பாண்டம், அரக்குவேலை, நெசவு ஆகிய கைவினைகளுக்கு 1927 வரை கதவு திறக்கவில்லை. கையெழுத்துக்கலை 1948இல்தான் உள்ளே வந்தது. தேநீரும் மலர் அமைப்பும் இன்றுவரை வெளியேதான். ஆகவே, இன்று ஒரு கலைக்கூடம் ஓவியத்தைச் சுவரிலும் தேநீரை வாசல் மண்டபத்திலும் வைக்கிறது என்றால், அது ஜப்பானின் தொன்மையைக் காட்டவில்லை. 1873இன் விதிமுறையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அதற்கு முன்பு ஜப்பானியர்கள் ஓவியத்தை எங்கே பார்த்தார்கள்?

பெரும்பாலும் உட்கார்ந்தபடி, வீட்டுக்குள், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை. வரவேற்பறையில் 'தோகோனோமா' என்று ஒரு மாடம் இருக்கும். தரையைவிடச் சற்று உயர்ந்த, சுவருக்குள் ஒடுங்கிய இடம். அதில் ஒரு சுருளோவியம் தொங்கும். அதன் கீழே ஒரு பூ, அல்லது ஒரு தூபக்கால். பருவம் மாறினால் ஓவியமும் மாறும். இறக்கிய ஓவியத்தைச் சுருட்டி, நாடாவால் கட்டி, பவுலோனியா மரத்தில் செய்த எடையில்லாத பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். அந்தப் பெட்டியின் மூடியில் படைப்பின் பெயரும், அதைச் செய்தவரோ பிற்காலத்தில் அதைச் சோதித்து உறுதிசெய்தவரோ இட்ட கையெழுத்தும் இருக்கும். பழம்பொருள் சந்தையில் இந்தப் பெட்டி எழுத்து இல்லாத கிண்ணத்துக்கும் இருக்கிற கிண்ணத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஓவியம் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் கண்ணில் படும். மீதி நாளெல்லாம் இருட்டில் உறங்கும். விருந்தினர் வருகிறார் என்றால், அவர் யார், எந்த மாதம், வெளியே மழையா பனியா என்றெல்லாம் யோசித்துத்தான் வீட்டுக்காரர் எதை எடுத்து மாட்டுவது என்று முடிவு செய்வார். இன்றைய கலைக்கூட மொழியில் இதற்கு 'தொகுப்பாளர் பணி' என்று பெயர். அதற்குப் பட்டப்படிப்பும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் உச்சம் தேநீர் அறை. தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூ (1522–1591) கட்டியதாகச் சொல்லப்படும் 'தய்அன்' கியோட்டோவை ஒட்டிய யமஸாகியில் இன்றும் இருக்கிறது. தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே இரண்டே தட்டாமிப் பாய் இடம். வாசலோ ஏறத்தாழ இரண்டடிச் சதுரம். மண்டியிட்டு, தலை குனிந்துதான் நுழைய முடியும். வாள் தரித்தவர் அதை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். உள்ளே நுழைந்தவர் முதலில் செய்வது மாடத்தின் முன் அமர்ந்து அதில் தொங்கும் எழுத்தைப் பார்ப்பது. பிறகு அடுப்பு, கெண்டி. கடைசியில் கிண்ணம் கைக்கு வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கலைக்கூடச் செயல்விளக்கங்களில் எப்போதும் நழுவிப்போவது இதுதான். விருந்தினர் கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் சற்றே திருப்புகிறார். கிண்ணத்துக்கு ஒரு 'முகம்' உண்டு. மிக அழகான பக்கம் விருந்தினரைப் பார்த்திருக்கும்படி தருவது வீட்டுக்காரரின் மரியாதை. அந்த முகத்தில் வாய் வைக்காமல் திருப்பிக் குடிப்பது விருந்தினரின் மரியாதை. குடித்து முடித்தபின், முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, கிண்ணத்தைத் தரையிலிருந்து நான்கு விரல் மட்டும் உயர்த்தி, கவிழ்த்து, அடிப்பாகத்தைப் பார்க்கிறார். குயவரின் விரல் பதிந்த இடம், மெருகு வழிந்து நின்ற விளிம்பு, சூளையில் தீ நக்கிய தடம் எல்லாம் அங்கேதான். பிறகு கேள்விகள்: இது எந்தச் சூளை? யார் கை? இந்தத் தேநீர்க் கரண்டிக்கு என்ன பெயர்? ஒரு மூங்கில் கரண்டிக்குத் தனிப்பெயர் இருப்பதும், அதை விருந்தினர் மறக்காமல் கேட்பதும் விளையாட்டல்ல. சடங்கின் பாதி அதுதான். முறையான தேநீர் விருந்து, உணவும் சேர்த்து, நான்கு மணி நேரம் வரை நீளும்.

அன்று பயன்பட்ட சுருளோவியம், பூச்சாடி, கிண்ணம், கரண்டி, இனிப்பு, வந்தவர் பெயர் எல்லாவற்றையும் குறித்து வைக்கும் வழக்கமும் உண்டு. நாரா நகரத்து மட்சுயா வணிகக் குடும்பம் வைத்திருந்த இத்தகைய குறிப்புகள் 1533இல் தொடங்கி மூன்று தலைமுறைகளுக்கு ஓடுகின்றன. கண்காட்சிப் பட்டியல் அச்சிடும் வழக்கம் ஐரோப்பாவில் பரவுவதற்கு நெடுங்காலம் முந்தியவை அவை. படைப்பு, பார்வையாளர், இடம், தேதி, பட்டியல் என்று ஒரு கண்காட்சிக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: 'தொடாதீர்கள்' என்ற பலகை. இங்கே தொடாமல் பார்க்கவே முடியாது. பார்வை கையிலும் உதட்டிலும் நடக்கிறது.

கிசாயெமோன் என்று பெயர்பெற்ற கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கொரியாவில் யாரோ பெயர் தெரியாத குயவர், சாதாரணப் புழக்கத்துக்காகக் கைக்கு வந்தபடி சுழற்றிப் போட்ட சட்டி. இன்று ஜப்பானின் தேசியச் செல்வம். கியோட்டோவில் தய்தோகுஜி மடத்தைச் சேர்ந்த கோஹோஅன் கோவிலில் இருக்கிறது. நாட்டார் கைவினையின் அழகைப் பேசும் 'மின்கெய்' இயக்கத்தைத் தொடங்கிய யனகி சோயெட்சு 1931இல் அதைப் பார்த்தபோது, பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து, பட்டுத்துணி அவிழ்த்து வெளியே எடுத்தார்களாம். இத்தனைக்குப் பிறகு வந்தது இவ்வளவு எளிமையான கிண்ணமா என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அந்த எளிமையே அதன் பெருமை என்று பிறகு விரித்து எழுதினார். கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டால் இந்தக் கிண்ணம் ஒரு பழைய சட்டி. அவ்வளவுதான்.

சுவரும் மாடமும் மோதிக்கொண்ட நாள் ஒன்று உண்டு: 1919 டிசம்பர் 20. சதாகே பிரபுக் குடும்பத்திடம் பல தலைமுறைகளாக இருந்த, முப்பத்தாறு கவிகளின் உருவங்களும் பாடல்களும் கொண்ட பதின்மூன்றாம் நூற்றாண்டு நெடுஞ்சுருள் விலைக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய பொருளாதாரக் கலக்கத்தில் முழுச் சுருளையும் வாங்க யாருக்கும் கை நீளவில்லை. மிட்சுயி நிறுவனத்தின் பெருந்தலையும் தேநீர்ப் பித்தருமான மசுதா தகாஷி ஒரு வழி சொன்னார்: வெட்டிப் பங்கு போடுவோம். டோக்கியோ ஷினகவாவில் கோதென்யாமா மேட்டிலிருந்த அவரது மாளிகையில் பணக்காரர்கள் கூடினார்கள். முப்பத்தாறு கவிகள், ஒரு கோவில் காட்சி, ஆக முப்பத்தேழு துண்டுகள். மூங்கில் சீட்டு எடுத்து யாருக்கு எது என்று தீர்மானித்தார்கள். பெண் கவிகளின் துண்டுகளுக்குத்தான் ஆசை அதிகம். துறவிகளை யாரும் விரும்பவில்லை. மசுதாவுக்கே துறவி விழ, அவர் முகம் சிவந்து, கடைசியில் இளவரசிக் கவியின் துண்டை அவருக்கு விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

மேற்கத்திய அருங்காட்சியகக் கண்ணோடு பார்த்தால் இது கொலை. அன்றே நாளிதழ்களிலும் கண்டனம் எழுந்தது. எனக்கும் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். ஆனால் தேநீர் அறைக் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நெடுஞ்சுருளை மாடத்தில் மாட்ட முடியாது. வெட்டிய துண்டை மாட்டலாம். வாங்கிய ஒவ்வொருவரும் தன் துண்டுக்குப் பட்டு விளிம்பு கட்டி, தனித் தொங்கோவியமாக்கி, அதை முன்வைத்துத் தேநீர் விருந்து நடத்தினார்கள். சரியாக நூறாண்டு கழித்து, 2019இல் கியோட்டோ தேசிய அருங்காட்சியகம் முப்பத்தேழில் முப்பத்தொன்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. ஒவ்வொன்றின் பட்டு விளிம்பும் வெவ்வேறு. வாங்கியவரின் ரசனை, வீம்பு, பணம் எல்லாம் அந்த விளிம்பில் தெரியும்.

போருக்குப் பிறகு நிலைமை வேறு. கலையைக் காட்டுவதற்கு நிலையான அருங்காட்சியகங்கள் குறைவாக இருந்த காலத்தில், அந்த வேலையை மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்: நாளிதழ், பல்பொருள் அங்காடி, வாடகைக் கூடம். மூன்றும் ஜப்பானுக்கே உரிய ஏற்பாடுகள்; வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் குழப்பம் தருபவை.

நாளிதழ்கள் பெரிய கண்காட்சிகளுக்குப் பணம் போட்டு, விளம்பரமும் செய்து, டிக்கெட் வருவாயில் பங்கு எடுத்தன. 1965இல் அசாஹி நாளிதழ் முன்னின்று கொண்டுவந்த துட்டன்காமன் புதையலை டோக்கியோவில் மட்டும் சுமார் 13 லட்சம் பேர் பார்த்தார்கள். பல்பொருள் அங்காடிகளின் கணக்கு இன்னும் எளிது: மேல் மாடியில் ஓவியம் வைத்தால் ஆட்கள் மேலே ஏறுவார்கள், ஏறியவர்கள் இறங்கும்போது ஒவ்வொரு தளமாகப் பணப்பையைத் திறப்பார்கள். வணிகர்கள் இதற்கு 'பூமழைக் குழாய்' (ஷவர்) விளைவு என்று பெயரே வைத்திருந்தார்கள். மிட்சுகோஷி 1907இலேயே கலைப்பிரிவு திறந்தது. டோக்கியோ இகெபுகுரோவில் செய்பு அங்காடியின் மாடியில் 1975இல் திறந்த அருங்காட்சியகம் 1999இல் மூடும்வரை, சமகாலக் கலைக்கு அந்த நகரத்தின் முக்கியமான வாசல்களில் ஒன்றாக இருந்தது. கீழே மீன் வாங்க வந்தவர் மேலே நவீன ஓவியம் பார்த்துவிட்டுப் போனார்.

வாடகைக் கூடம்தான் சுவாரசியமானது. டோக்கியோவின் கின்ஸா தெருக்களில் குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு வெள்ளை அறை. அதை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பவர் கலைஞரே. விற்றுத் தருகிறேன் என்று கூடத்தின் உரிமையாளர் சொல்ல மாட்டார். வாடகை மட்டும் வாங்கிக்கொள்வார். கலைஞர் தன் படைப்பைத் தானே சுமந்து வந்து, மாட்டி, வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் இனிப்புப் பெட்டியோடு வந்து பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். பணக்காரத் தரகரின் ஆதரவு இல்லாத இளைஞருக்கு இது ஒன்றே வழி. அதே சமயம், யாரும் தேர்ந்தெடுக்காததால் யாரும் தடுக்கவும் இல்லை. ஷிம்பாஷியில் 1963இல் தொடங்கிய 'நய்கா' கூடம் உண்மையில் ஒரு பழைய பொது மருத்துவக் கிளினிக். 'நய்கா' என்றால் ஜப்பானிய மொழியில் பொது மருத்துவப் பிரிவு. பெயர்ப்பலகையை மாற்றக்கூட மெனக்கெடவில்லை. 1964 மே மாதம் அங்கே தகமட்சு, அகசேகவா, நகனிஷி என்ற மூவர் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். படைப்பு என்னவென்றால், கதவை மூடிப் பலகை அடித்துவிட்டார்கள். ஐந்து நாள் கண்காட்சியில் கூடம் மூடியே இருந்தது. கடைசி நாளில் 'திறப்பு விழா'.

இந்த மூவரும் வந்தது யோமியுரி நாளிதழ் 1949 முதல் 1963 வரை டோக்கியோ உயெனோவில் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய திறந்த கண்காட்சியிலிருந்து. அதற்குத் தேர்வுக்குழு கிடையாது. யாரும் எதையும் வைக்கலாம். போகப்போக எதையும் என்பது உண்மையிலேயே எதையும் ஆகிவிட்டது. பொறுக்க முடியாமல் அந்த அருங்காட்சியகம் 1962 இறுதியில் விதிகள் போட்டது: காதைத் துளைக்கும் ஓசை எழுப்பும் படைப்பு கூடாது, நாறக்கூடிய, அழுகக்கூடிய பொருள் கூடாது, கத்தி போன்ற ஆயுதங்கள் கூடாது, மணலையும் சரளையையும் நேரடியாகத் தரையில் கொட்டக் கூடாது. இந்தப் பட்டியலைப் படித்தாலே முந்தைய ஆண்டுகளில் என்னவெல்லாம் வைத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

அகசேகவா கதை நீதிமன்றம் வரை போனது. 1963இல் தன் தனிக் கண்காட்சி அழைப்பிதழை ஆயிரம் யென் நோட்டின் ஒரு பக்கத்தை அச்சடித்து அனுப்பினார். 1965இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. நாணயப் போலிகளைத் தடுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று தூசு தட்டி எடுக்கப்பட்டது. 1966 ஆகஸ்டில் வழக்கின் முதல் நாள், அவருடைய சாட்சியாக நண்பர்கள் தங்கள் படைப்புகளை எல்லாம் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து பரப்பினார்கள். நீதிபதிகளுக்கு முன்னால் ஒரு முழுக் கண்காட்சி. பார்த்தவர்கள் குமாஸ்தாக்களும் காவலர்களும். 1967இல் மூன்று மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 1970இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இத்தனை கலகத்துக்கும் நடுவில், புதுமைக் கலைஞர்களுக்கு டோக்கியோவில் மேடை போட்டுக் கொடுத்தது யார் தெரியுமா? ஒரு மலர் அமைப்புப் பள்ளி. தெஷிகஹாரா சோஃபு 1927இல் தொடங்கிய சோகெட்சு பள்ளி, போருக்குப் பிறகு பூவோடு துருப்பிடித்த இரும்பையும் பட்ட மரத்தையும் சேர்த்து வைத்துப் பழையவர்களை முகம் சுளிக்கச் செய்தது. சோஃபுவின் மகன் ஹிரோஷி திரைப்பட இயக்குநர். அவர் தலைமையில் 1958 முதல் 1971 வரை பள்ளிக் கட்டடத்திலேயே சோகெட்சு கலை மையம் இயங்கியது. அமெரிக்கப் புதுமை இசைக்கலைஞர்கள் ஜான் கேஜும் டேவிட் டியூடரும் 1962இல் அங்கே வாசித்தார்கள். அதே ஆண்டு யோகோ ஓனோவின் நிகழ்வும் நடந்தது. செலவை ஏற்றது, நாடெங்கும் பூ வைக்கக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் கட்டிய பாடக் கட்டணம். பிற்காலத்தில் ஹிரோஷியே அந்தப் பள்ளியின் மூன்றாம் தலைமையாசானாக அமர்ந்தார். தங்கே கென்ஸோ வடிவமைத்த இன்றைய கட்டடத்தின் கூடத்தில் சிற்பி இசாமு நொகுச்சி அடுக்கிய கல் தோட்டம் இருக்கிறது. கண்காட்சி நாட்களில் அந்தச் சிற்பத்தின் படிகளிலேயே மாணவர்கள் பூச்சாடிகளை வைப்பார்கள். சிற்பத்தின் மேல் சாடி வைப்பதா என்று அங்கே யாரும் பதறுவதில்லை.

அரசே கட்டிய சமகால அருங்காட்சியகங்களில் இந்த மரபை அதன் போக்கிலேயே விட்டிருப்பது கனஸாவா நகரம் என்பேன். மயேதா பிரபுக்கள் ஆண்ட ஊர். வாளில் போட்டியிடாமல் கைவினையில் பணத்தைக் கொட்டியவர்கள் அவர்கள். ஜப்பானில் அடிக்கப்படும் தங்கத் தகட்டில் ஏறத்தாழ முழுவதும் இன்றும் இங்கேதான். தேநீர்க் கிண்ணம் செய்யும் ஓஹி குடும்பம் 1666இல் இங்கே குடியேறியது. இந்த ஊரின் நடுவில் 2004இல் '21ஆம் நூற்றாண்டுச் சமகாலக் கலை அருங்காட்சியகம்' திறந்தது. செஜிமா கஸுயோ, நிஷிஸாவா ரியுயே இருவரின் 'சானா' நிறுவனம் வடிவமைத்த, 112.5 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வட்டம். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. எந்தத் திசையிலிருந்தும் நுழையலாம். நடுவில் டிக்கெட் பகுதி. சுற்றி யாரும் வந்து போகும் இலவசப் பகுதி, இரவு பத்து மணி வரை. அர்ஜென்டினக் கலைஞர் லெயாந்த்ரோ எர்லிஹ்ஹின் நீச்சல்குளம் ஊரறிந்தது: கண்ணாடித் தளத்தின் மேல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர்தான், கீழே உள்ளவர்கள் நனையாமல் குளத்துக்குள் நடப்பார்கள்.

படம் எடுத்துக்கொள்பவர்கள் அநேகமாகக் கவனிக்காதவை இரண்டு. ஒன்று, ஊர்க்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் குடிமக்கள் கூடம் அதே வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூர் மலர்ப் பள்ளியும் எழுத்துக்கலைச் சங்கமும் உலகப் புகழ் கலைஞரும் ஒரே கூரையின் கீழ். மற்றொன்று, வளாகத்திலேயே நிற்கும் ஷோதோஅன், சன்உதெய் என்ற இரண்டு தேநீர் இல்லங்கள். வாடகைக்கு எடுத்து ஊர்க்காரர்கள் அங்கே தேநீர் விருந்து நடத்துகிறார்கள். இது 'பண்பாட்டு நிகழ்ச்சி' அல்ல. யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை. 2024 புத்தாண்டு அன்று நோதோ நிலநடுக்கத்தில் காட்சி அறைகளின் கண்ணாடிக் கூரைப் பலகைகள் சில விழுந்து, டிக்கெட் பகுதி சுமார் அரையாண்டு மூடிக்கிடந்தது.

வெளிநாட்டுக் கலைக்கூடங்களுக்குத் திரும்புவோம். அங்கே இவற்றைக் கொண்டுபோவது பெரும்பாலும் அரசுப் பணம். 1972இல் அமைந்த ஜப்பான் அறக்கட்டளை, 2017–18இல் வெளியுறவு அமைச்சகம் சாவ் பாவ்லோ, லாஸ் ஏஞ்சலிஸ், லண்டன் நகரங்களில் திறந்த 'ஜப்பான் ஹவுஸ்' மையங்கள் ஆகியவற்றின் நோக்கம் நாட்டுக்கு நல்ல பெயர் வாங்குவது. அதில் தவறில்லை. ஆனால் நல்ல பெயர் இரண்டு மணி நேரத்தில் வாங்க வேண்டியிருப்பதால் சில பொருள்கள் தங்கள் இயல்பை இழக்கின்றன.

கின்ட்சுகி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடைந்த சில்லுகளை ஒட்டுவது பொன் அல்ல, 'உருஷி' என்ற மரப்பால். உருஷி மரம் நம் சேராங்கொட்டை, முந்திரி, மா ஆகியவற்றின் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்தவர்களுக்கு உருஷியின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. கைவினைஞர்கள் தொடக்க ஆண்டுகளில் கை வீங்கித் தடித்தே இதைப் பழகுகிறார்கள். இன்னொரு விசித்திரம், அது வெயிலில் காய்வதில்லை. அதிலுள்ள நொதி காற்றின் ஈரத்தை வைத்துத்தான் பாலை இறுக வைக்கிறது. ஆகவே ஈரத்துணி விரித்த மரப்பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். மாவில் பிசைந்த உருஷியால் ஒட்டி, வாரக்கணக்கில் பெட்டியில் வைத்து, பள்ளத்தை மண் கலந்த உருஷியால் நிரப்பி, மறுபடி பெட்டி, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் ஈரம் மாறாத கோட்டின் மேல் பொற்பொடி தூவுவார்கள். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். நான் ஒருமுறை போன இரண்டு மணி நேரப் பயிற்சியில் தந்தது கடையில் கிடைக்கும் இரட்டைக் குழாய் எபாக்ஸிப் பசையும் பித்தளைப் பொடியும். அன்றே வீட்டுக்கு எடுத்துப் போனோம். அதில் எதையும் ஊற்றிக் குடிக்க வேண்டாம் என்று கடைசியில்தான் சொன்னார்கள். சீர்செய்த கிண்ணத்தில் மறுபடி தேநீர் ஊற்றுவதற்காகப் பிறந்த ஒரு தொழில்நுட்பம், அலமாரியில் வைக்கும் பொருளாக வீடு வந்துசேர்ந்தது.

பொறுமையாக ஏற்பாடு செய்கிற இடங்களும் உண்டு. ஆறு பேருக்கு மட்டும் இடம், கிண்ணத்தைக் கையில் கொடுத்து, கவிழ்த்துப் பார்க்கச் சொல்லி, குயவரின் பெயரையும் சொல்லும் தேநீர் அமர்வில் உட்கார்ந்தவருக்கு, பிறகு சுவரில் இருக்கும் ஓவியத்துக்கு முன்னால் நிற்கும் விதமே மாறிவிடும். நிகழ்ச்சி நிரலில் 'செயல்விளக்கம்' என்று இருந்தால் நான் போவதில்லை. 'இடம் ஆறு பேருக்கு' என்று இருந்தால் போவேன்.

புகைப்படக் கலைஞர் சுகிமோட்டோ ஹிரோஷி 2014இல் வெனிஸில் ஒரு தேநீர் அறை கட்டினார். நான்கு பக்கமும் கண்ணாடி. பெயர் 'மோன்தோரியான்'. எழுத்துக்குப் பொருள் 'பறவையின் குரல் கேட்கும் குடில்'. காதுக்கு டச்சு ஓவியர் மோந்த்ரியானின் பெயர். ரிக்யூவின் மண்சுவர் இருட்டு முழுக்க வெளிச்சமாகிவிட்டது. உள்ளே தேநீர் ஊற்றுவதை வெளியே நிற்கும் கூட்டம் ஒரு நாடகம் போலப் பார்த்தது. 2022 முதல் அந்தக் கண்ணாடி அறை செட்டோ உள்கடலின் நஓஷிமா தீவில், பெனெஸ்ஸே ஹவுஸ் என்ற அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. வருபவர்கள் பக்கத்திலுள்ள ஓய்வறையில் நாற்காலியில் அமர்ந்து, மாச்சாவும் ஒரு துண்டு இனிப்பும் சாப்பிட்டுக்கொண்டே, வெளியே தண்ணீரின் நடுவில் காலியாக நிற்கும் தேநீர் அறையைப் பார்க்கிறார்கள்.